ஒரு பயணம், நாலு தூக்கு

கேள்வி: முல்லைத்தீவிலிருந்து எழுதுகிறேன். 2009 இல் என் கணவருக்கு முள்ளந்தண்டில் காயம். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. சக்கரக் கதிரையின் சில்லைக் கையால் உருட்டித் தானே திரிவார். வவுனியாவுக்குக் கிளினிக் போவதற்கு அண்ணாவின் பழைய ஆல்டோ காரைத்தான் நம்பியிருக்கிறோம். பிள்ளைகள் இருவரையும் விட்டுவிட்டுப் போக முடியாது. மடித்த கதிரை டிக்கிக்குள் முழுதாகப் போவதில்லை. பாதி வெளியே நிற்க, டிக்கிக் கதவைக் கயிற்றால் இழுத்துக் கட்டிக்கொண்டு ஓடுகிறோம். கூரைக்கு மேலே காரியர் போடலாமா, இல்லாவிட்டால் சின்னக் கதிரை ஒன்று வாங்குவதா?

பதில்: தங்கச்சி, மற்றதெல்லாம் ஆறுதலாகப் பேசலாம். அந்தக் கயிற்றை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். டிக்கி திறந்தபடி கார் ஓடும்போது பின்பக்கத்தில் காற்று சுழலும். புகைக்குழாயால் வரும் புகை அந்தச் சுழலில் அகப்பட்டுக் காருக்குள்ளேயே திரும்பும். அதிலிருக்கும் காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடிக்கும், சத்தி வருவது போலிருக்கும், நித்திரை தூக்கும். பயணக் களைப்பு என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். பின்சீற்றில் இருக்கும் பிள்ளைகளுக்குத்தான் அந்தப் புகை முதலில் போகும்.

கூரைக் காரியரும் உங்களுக்குச் சரிவராது. இரும்புக் கதிரையைத் தலைக்கு மேலே உயர்த்த ஒவ்வொரு தடவையும் ஓர் ஆம்பிளையைத் தேட வேண்டும். மாரி மழை பிடித்தால் சீற்றுத் துணி ஊறிவிடும். உணர்வில்லாத தோல் ஈரத்தில் நெடுநேரம் இருந்தால் புண் வர வழி திறந்ததுபோல. பெரிய கார் வாங்குங்கள் என்று சொல்லவும் எனக்கு மனமில்லை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. விலை எங்கே நிற்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

இருக்கிற காரோடும் பெரும்பாலும் இருக்கிற கதிரையோடுமே இதைச் சமாளிக்கலாம். ஆனால் முதலில் ஒரு கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு கிளினிக் பயணத்தில் கதிரை நாலு தரம் தூக்கப்படுகிறது: வீட்டில் ஏற்ற, ஆஸ்பத்திரியில் இறக்க, அங்கே திரும்ப ஏற்ற, வீட்டில் இறக்க. சாதாரண இரும்புக் கதிரை 17 முதல் 20 கிலோ வரை இருக்கும். 18 என்று வைத்தாலும் நாலு தரத்துக்கு 72 கிலோ. ஏறத்தாழ ஒன்றரை உரமூட்டை. வழியில் சாப்பாட்டுக் கடையிலும் இறங்கினால் இன்னும் இரண்டு தூக்கு. ஆகவே டிக்கிக்குள் போகுமா என்று மட்டும் கேட்டால் போதாது. யார் தூக்குவது, நாலாம் தரமும் அவரால் முடியுமா என்பதையும் சேர்த்தே கேளுங்கள். கீழே சொல்வது எல்லாவற்றுக்கும் அதுதான் அளவுகோல்.

ஏன் போகவில்லை?

மடிகிற சக்கர நாற்காலியே காருக்காகப் பிறந்ததுதான். அமெரிக்காவில் ஹேர்பேர்ட் எவரெஸ்ட் என்ற சுரங்கப் பொறியியலாளர் 1918 இல் ஒரு விபத்தில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டார். அந்தக் காலத்துக் கதிரைகள் காரில் ஏற்ற முடியாத பாரம். அவருடைய நண்பர் ஹரி ஜெனிங்ஸ் 1930களின் தொடக்கத்தில் உருக்குக் குழாயில் ஒரு கதிரை செய்து கொடுத்தார். சீற்றுக்கு அடியில் கத்தரிக்கோல் மாதிரிக் குறுக்கே பூட்டிய இரண்டு சட்டங்கள்; சீற்றை மேலே இழுத்தால் இரண்டு பக்கமும் ஒன்றாகச் சேரும். இன்றைக்கு வன்னிக்குத் தானமாக வரும் கதிரைகளில் அனேகமானவற்றில் இருப்பதும் அதே குறுக்குச் சட்டம்தான். ஆனால் ஜெனிங்ஸ் மனதில் வைத்துச் செய்தது அந்நாளைய அமெரிக்கக் காரை. எங்கள் ஆல்டோ அப்போது இல்லை.

இந்தச் சட்டம் கதிரையை ஒரு திசையில்தான் சுருக்கும். விரித்தால் 65 சென்ரிமீற்றர் அகலம், மடித்தால் 30. உயரமும் நீளமும் அப்படியே நிற்கும்: உயரம் 90, கால்தட்டைக் கழற்றினாலும் நீளம் 80 அளவில். மூன்றையும் பெருக்கினால் 216 லீற்றர் இடம். ஆல்டோ 800 இன் டிக்கி 177 லீற்றர். இடித்து ஏற்றினாலும் போகாது என்பதைக் கணக்கே சொல்லிவிடுகிறது. டாடா நானோ இன்னும் மோசம், 80 லீற்றர்தான். முதலில் வந்த நானோக்களில் டிக்கிக் கதவு திறக்கவே திறக்காது.

இனி அதே கதிரையின் பின்சில்லு இரண்டையும் கழற்றி, முதுகுச் சட்டத்தையும் மடித்துவிட்டால் மிஞ்சுவது ஏறத்தாழ 75 க்கு 65 க்கு 20. அது 100 லீற்றருக்குள் அடங்கும். சில்லுகள் தட்டையானவை, சீற்றுக்குப் பின்னால் இருக்கும் ஒடுங்கிய இடமே போதும். உங்கள் கதிரையின் அளவு சற்று வேறுபடலாம், வழி இதுதான்.

வாயை அளந்து பாருங்கள்

லீற்றர் என்பது டிக்கியின் வயிற்று அளவு. கதிரை போவது வாயால். அளவு நாடாவை எடுத்து மூன்று இடங்களை அளந்து எழுதுங்கள். ஒன்று, டிக்கி வாயின் மிக ஒடுங்கிய அகலம்; லைற்றுகளுக்கு இடையில் அது கீழே குறுகியும் மேலே விரிந்தும் இருக்கும். இரண்டு, கீழ் விளிம்பிலிருந்து மேல் விளிம்பு வரை உயரம். மூன்று, உள்ளே பின்சீற் வரை ஆழம். பின்சீற் சாய்ந்திருப்பதால் ஆழத்தைத் தரையிலும் எடுங்கள், மேலேயும் எடுங்கள்.

கதிரையை மடித்து, பழைய சைக்கிள் ரியூப்பைக் கீலமாக வெட்டி இறுக்கிச் சுற்றிக் கட்டிவிட்டு அளவெடுங்கள். கட்டாமல் விட்டால் மடித்த கதிரை தானாகக் கொஞ்சம் விரியும். ஒரு கீலம் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் மிச்சம் பிடித்துத் தரும். ஆல்டோவில் அந்த அளவே டிக்கி பூட்டுப்படுவதைத் தீர்மானிக்கும்.

நேராகப் போகாதது சில வேளை கோணலாகப் போகும். 70 அகலமும் 60 உயரமும் உள்ள வாய்க்குக் குறுக்கு மூலை 92 சென்ரிமீற்றர். ஆனால் பொருளின் தடிப்பு அந்த மூலைகளைத் தின்றுவிடும். சில்லுக் கழற்றிய மெல்லிய சட்டத்துக்கு இந்த வித்தை பலிக்கும்; சில்லோடு மடித்த கதிரைக்குப் பலிக்காது.

டிக்கியின் மேல்தட்டைக் கழற்றி வீட்டில் வையுங்கள். தண்ணீர்க் கான், பழைய சாக்கு, தேங்காய் எல்லாம் வெளியே போகட்டும். மேலதிகச் சில்லை மட்டும் எடுத்துவிட வேண்டாம். ஏ34 வீதியில் ஆளில்லாத இடத்தில் ரயர் வெடித்தால், இறங்கி நடந்து போய் உதவி கேட்க முடியாத ஒருவர் காருக்குள் இருக்கிறார்.

கதிரையைச் சிறிதாக்கும் ஒழுங்கு

ஆளை ஏற்றிய பிறகுதான் கதிரை. காரை நிழலில், மட்டமான நிலத்தில் நிறுத்தி ஹான்ட் பிரேக் போடுங்கள். அவர் சீற்றுக்கு மாறுமுன் சிறுநீர்ப் பையின் குழாய் எதிலும் கொழுவியிருக்கிறதா என்று பாருங்கள். வெயிலில் நின்ற காரின் பெல்ட் கொளுக்கியும் கதிரையின் இரும்பும் சுடும். உணர்வில்லாத தோல் சுட்டாலும் அவருக்குத் தெரியாது. உங்கள் கை தொட்டுப் பார்க்கட்டும்.

பிறகு இந்த வரிசை: குஷனை எடுங்கள். கால்தட்டுகளை வெளிப்பக்கம் திருப்பித் தூக்கிக் கழற்றுங்கள். கைப்பிடிகள் கழன்றால் அவற்றையும் எடுங்கள். சீற்றுத் துணியின் நடுவை முன்னும் பின்னும் பிடித்து மேலே இழுத்து மடியுங்கள். முதுகுச் சட்டம் மடிகிற வகையானால் அதையும் மடியுங்கள். கடைசியாகப் பின்சில்லு. விரிக்கும்போது உள்ளங்கையால் சீற்றுக் குழாய்களை அமத்துங்கள். விரல்கள் உள்நோக்கி இருக்கட்டும். குழாய்க்கும் பக்கச் சட்டத்துக்கும் இடையில் அகப்பட்ட விரல் நகத்தோடுதான் வரும்.

சில்லின் நடுவில் அமத்துகிற பொத்தான் இருந்தால் அது உடனே கழரும் அச்சு. பொத்தானை அமத்தி இழுத்தால் சில்லு கையோடு வரும். திரும்பப் பூட்டியதும் பொத்தானைத் தொடாமல் சில்லை வெளியே இழுத்துப் பாருங்கள். அசையாவிட்டால்தான் பூட்டியது என்று அர்த்தம். கிரவல் ரோட்டுத் தூசி அந்த அச்சுக்கு எதிரி. உலர்ந்த துணியால் துடைத்து ஒரு துளி மெல்லிய எண்ணெய் விடுங்கள். கிறீஸ் பூசினால் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பொத்தான் இல்லாமல் நட் போட்டு முறுக்கிய சில்லு என்றால் ஒவ்வொரு பயணத்துக்கும் ஸ்பனரால் கழற்ற வேண்டாம். அந்தப் பூட்டு நட்டுகளுக்குள் ஒரு நைலோன் வளையம் இருக்கிறது. அடிக்கடி கழற்றினால் அது தேய்ந்து, ஒருநாள் ஓடும்போதே சில்லு கழரும். சைக்கிள் கடையில் ஏதாவது ஆணியைச் செருகிச் சமாளிப்பதும் ஆபத்து. உடனே கழரும் அச்சுக்கு அதற்கேற்ற சில்லும் சட்டத்தில் அதற்கேற்ற துளையும் வேண்டும். அந்த மாற்றம் உங்கள் கதிரையில் முடியுமா என்று கதிரை திருத்தும் பட்டறையில் கேளுங்கள். செயற்கை அவயவங்களும் நடமாடும் உபகரணங்களும் செய்யும் யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிறுவனம் 1987 முதல் இந்த வேலையில் இருக்கிறது.

தூக்குவதற்கும் முறை உண்டு

சில்லும் கால்தட்டும் கழன்ற பிறகு உங்கள் கையில் மிஞ்சுவது 12 கிலோ அளவில். பெண்கள் இருவர் மாறிமாறித் தூக்கலாம். டிக்கியின் கீழ் விளிம்பில் ஓர் உரப்பையை விரியுங்கள். பெயின்ற் கீறாது, இரும்பும் வழுக்கிக்கொண்டு போகும்.

சட்டத்தைக் காருக்குச் சமாந்தரமாக, உங்கள் தொடையோடு ஒட்டினாற்போல் நிறுத்துங்கள். பிடிப்பது அசையாத குழாய்களில். கழரும் கைப்பிடியில் பிடித்துத் தூக்கினால் கைப்பிடி கையில் இருக்கும், கதிரை காலில் விழும். முழங்காலை மடித்து, முதுகை நிமிர்த்தி, விளிம்பு வரை தூக்குங்கள். அங்கே வைத்து ஒரு மூச்சு விடுங்கள். பிறகு சரித்துத் தள்ளுங்கள். தூக்குவது பாதி வழிதான், மீதி வழி தள்ளுவது. இடுப்பை முறுக்கித் திரும்ப வேண்டாம், பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புங்கள். இந்த வீட்டில் ஒரு முதுகு ஏற்கெனவே போய்விட்டது. இன்னொன்றும் போனால் அவரைத் தூக்க யார் இருக்கிறார்கள்?

குஷனை டிக்கியில் போடவே வேண்டாம். மேலே இரும்பு ஏறி அமத்தினால் அதன் வடிவம் கெடும். காற்றுக் குஷன் என்றால் ஒரு கூர்முனை போதும். அது ஆளோடு காருக்குள் வரட்டும். மாங்குளம் போய் ஏ9 இல் திரும்பி வவுனியா சேரும்வரை அவர் காரின் சீற்றில்தான் இருக்கிறார். அரை மணிக்கு ஒருதரமாவது கையை ஊன்றி இடுப்பைத் தூக்கி இறக்கச் சொல்லுங்கள்.

டிக்கி இடம் கொடுக்காவிட்டால்

சில்லைக் கழற்ற முடியாத கதிரைக்கு வழி பின்கதவு. முன்சீற்றில் அவர் ஏறி இருந்த பிறகு, மடித்த கதிரையைப் பின்பக்கத்துக்கு உருட்டிக்கொண்டு வந்து, முன்சீற்றுக்கும் பின்சீற்றுக்கும் இடையில் நிமிர்த்திச் செருகிப் பாருங்கள். பெரிய சில்லை முதலில் ஏற்றினால் பாதிப் பாரத்தைச் சில்லே சுமக்கும். அவர் ஏறி இறங்கச் சீற் பின்னுக்குத் தள்ளியிருக்க வேண்டும் என்பதால் அவர் பக்கத்தில் இடம் காணாது. சாரதி சற்றுக் கட்டையானவர் என்றால் அவருக்குப் பின்னால் இடம் கிடைக்கும். அப்போது பின்சீற்றில் ஒரு பிள்ளைக்கு மட்டும்தான் இடம் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

பின்சீற் எப்படி மடிகிறது என்றும் பாருங்கள். ஒரே துண்டாக மடிந்தால் பின்னால் யாருக்கும் இடமில்லை. இரண்டு துண்டாக மடியும் கார்களில் ஒரு பாதி கதிரைக்கு, மறு பாதி பிள்ளைக்கு. ஜப்பானிய வேகன் ஆர் பலவற்றில் பின்சீற் முன்னுக்கு நகரும். டிக்கி அந்த அளவுக்குப் பெரிதாகும்.

கார் இல்லாத வீட்டுக்கு ஓட்டோதான் கார். அதில் மடித்த கதிரையை வலது பக்கக் கம்பியோடு சேர்த்து நிமிர்த்திக் கட்டுங்கள். வெளியே ஒரு விரலும் நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. மடியில் பிடித்துக்கொண்டு போவதும் கட்டுவதும் ஒன்றல்ல.

கட்டாமல் ஓட வேண்டாம்

பின்சீற் நிமிர்ந்திருக்க, டிக்கி பூட்டியிருந்தால் கதிரை அங்கேயே அடங்கிக் கிடக்கும். சீற்றை மடித்து ஏற்றினீர்களோ, அது கட்டவிழ்ந்த பொருள். பொழுதுபட்ட நேரத்தில் கட்டாக்காலி மாடு குறுக்கே வருவது எங்கள் ரோட்டில் புதினமில்லை. 60 கிலோமீற்றர் வேகத்தில் போகும் கார் மாட்டிலோ மரத்திலோ மோதி நின்றால், உள்ளிருக்கும் கதிரை அதே வேகத்தில் முன்னுக்கு வரும். 14 மீற்றர் உயரத்திலிருந்து அது தலையில் விழுவதற்குச் சமம். ஒரு பனை உயரம் என்று நினையுங்கள். பின்சீற்றின் பெல்ட்டைச் சட்டத்துக்குள்ளால் விட்டுக் கொளுவுங்கள். அது எட்டாவிட்டால் பாரம் கட்டும் பட்டி ஒன்று வாங்குங்கள். ரியூப் கீலம் கதிரையை மடித்து வைக்கத்தான் உதவும். அடி விழுந்தால் இழுபட்டு விட்டுவிடும்.

புதுக் கதிரை எடுக்குமுன்

சின்னக் கதிரை வாங்குவதா என்று கேட்டீர்கள். கடையில் நீங்கள் காணும் சின்னதும் இலேசானதும் பெரும்பாலும் நாலு சில்லும் சிறிதாக உள்ள, ஆள் தள்ளுகிற வகை. டிக்கிக்குள் சுகமாகப் போகும். ஆனால் உங்கள் கணவர் தானே உருட்டித் திரிகிறவர். கையெட்டும் சில்லு இல்லாத கதிரையில் இருத்தினால், ஆஸ்பத்திரியில் மலசலகூடம் போவதற்கும் உங்களைக் கூப்பிட்டுக் காத்திருக்க வேண்டும். டிக்கிக்கு இடம் மிச்சம் பிடிக்க அவருடைய கையிலிருக்கும் சுதந்திரத்தை வாங்கிவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2008 இல் வெளியிட்ட சக்கர நாற்காலி வழிகாட்டியும் ஆளின் தேவையையும் அவர் வாழும் சூழலையும்தான் முன்னுக்கு வைக்கிறது. வரிசை இதுதான்: முதலில் உடல், பிறகு ரோட்டு, கடைசியில் டிக்கி.

அவருக்குப் பொருந்துவது 12 முதல் 15 கிலோவரை உள்ள அலுமினியக் கதிரை. பெரிய பின்சில்லு, உடனே கழரும் அச்சு, மடியும் முதுகு, கழரும் கால்தட்டு நான்கும் அதில் இருக்க வேண்டும். வன்னி மணலுக்கும் கிரவலுக்கும் நல்லதென்று தரப்படும் நீளமான மூன்று சில்லுக் கதிரை வளவுக்கும் வயலுக்கும் அருமையானது. ஆனால் குறுக்கே மடியாது, ஆல்டோவில் ஏறாது.

பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர் மூலமோ, முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டோருக்கான உயிரிழை போன்ற அமைப்பு மூலமோ கதிரைக்கு விண்ணப்பிக்கும்போது, எங்களிடம் இந்தக் கார் இருக்கிறது, டிக்கி வாயின் அளவு இது என்று எழுதிக் கொடுங்கள். தருகிறவர்கள் நிறத்தைக் கேட்பார்கள், காரைக் கேட்பது குறைவு. முடிந்தால் காரையே கொண்டுபோய் ஏற்றிப் பார்த்துவிட்டு எடுங்கள். முடியாவிட்டால் கதிரையின் மடித்த அளவுக்கு ஒரு மட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டி டிக்கிக்குள் விட்டுப் பாருங்கள். பெட்டி போனால் கதிரையும் போகும்.

ரயரின் பக்கத்தில் இருக்கும் எண்ணையும் எழுதி வையுங்கள். 24 அங்குலக் கதிரை ரயர் பலவற்றில் 540 என்றிருக்கும். சைக்கிள் கடையில் கிடைக்கும் 24 அங்குல ரயரில் பெரும்பாலும் 507. இரண்டும் 24 தான். ஒன்று மற்றதில் ஏறாது.

ஆறு எண்ணிப் பூட்டுங்கள்

என் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் கதிரையில் திரியும் அண்ணை ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், கிளினிக் முடிந்து, மழை இருட்டிக்கொண்டு வர, அவசரமாக எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வந்தோம். வீட்டு வாசலில் கதிரையை விரித்த பிறகுதான் ஒரு கால்தட்டு ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் நிற்பது நினைவுக்கு வந்தது. அடுத்த நாள் போனால் மரம் மட்டும் நின்றது. இரண்டு மாதம் அந்த அண்ணை ஒரு காலைத் துவாயால் கட்டிக்கொண்டு திரிந்தார். அன்றிலிருந்து எண்ணாமல் டிக்கி பூட்டுவதில்லை: சட்டம் ஒன்று, சில்லு இரண்டு, கால்தட்டு இரண்டு, குஷன் ஒன்று. ஆறு. கைப்பிடியும் கழன்றால் எட்டு. சின்னத் துண்டுகளுக்கு ஒரு துணிப்பை தையுங்கள். இடது துண்டுகளுக்குச் சிவப்பு ரேப், வலதுக்கு நீலம் ஒட்டினால் மாறிப் பூட்டுப்படாது.

அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிறு பின்னேரம் வெயில் தணிந்ததும் வளவுக்குள் காரை நிறுத்தி, நாலு தூக்கும் தூக்கிப் பாருங்கள். உங்கள் கணவர் முன்சீற்றில் இருந்து ஒவ்வொன்றாகச் சொல்லட்டும். அந்தக் கதிரையை அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. துண்டுகளை எண்ணும் வேலையைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். ஆறு என்று அவர்கள் சொன்ன பிறகு டிக்கியைப் பூட்டுங்கள்.